திருச்சுழி பஸ்ஸில் ஒரு மடக்குக் கத்தி

இன்று காலை திருச்சுழி பஸ்ஸில் ஒருவர் மடக்குக் கத்தி விற்றார். யுத்தம் முடிந்து பட்டாளத்தில் கழித்துவிட்ட சரக்காம். விரித்தால் 'டக்'கென்று பூட்டிக்கொண்டது.

"பூட்டு விழுந்துட்டா யானை மிதிச்சாலும் மடங்காது, அண்ணாச்சி!"

அண்ணாச்சி என்பவர் என் முன் இருக்கையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த நெசவாளி. வாங்குவதென்றே முடிவு செய்துவிட்டார்.

"கத்தியோட முதுகைக் கம்பியில தட்டிக் காட்டுங்க" என்றேன். பூட்டின் பலம் அப்போதுதான் தெரியும்.

"முதுகை வச்சு யாரும்மா வெட்டுவாக?" என்றார் வியாபாரி. பஸ்ஸே சிரித்தது.

நெசவாளியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அது மடங்கி இவுக விரலு போச்சுன்னா எங்க வீட்டுத் தறிய நீயாப்பா வந்து நெய்வ?"

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. எனவே வியாபாரி விரித்த கத்தியை இருக்கைப் பலகையில் வைத்து, "நீங்களே எடுத்துப் பாருங்க" என்றார். நெசவாளி கையை நீட்டினார்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியது. கத்தி கீழே விழுந்தது. முதுகு தரையில் பட்டதும் தானாக மடங்கிக்கொண்டது.

நெசவாளி நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பூட்டுல ஒரு குத்தமும் இல்ல. ரோடுதான் சரியில்ல" என்றார் வியாபாரி.

பின் இருக்கைக்காரர் ஆமோதித்து, ரோட்டைத் திட்டிக்கொண்டே ஒரு கத்தி வாங்கினார்.

உங்களில் யாரிடமாவது நம்பகமான மடக்குக் கத்தி இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து சொன்னால் நல்லது. முதலில் உங்கள் விரல்களைப் பார்க்க வேண்டும்.