நான் சொல்லிக் கொடுத்த 'எஸ் சார்'

நான் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் மலாயாவில் யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்ததால், அங்கே இங்கிலீஷ் தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான். ஞாயிறு மதியங்களில் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டுகிறவர்களுக்கு இங்கிலீஷ் பாடம் நடத்தினேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எது கேட்டாலும் 'எஸ் சார்' என்று சொல்லுங்கள், அதுதான் மரியாதை என்றேன். எனக்கே அதற்குமேல் தைரியம் இருந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, என் மாணவன் முனியாண்டியின் மனைவிக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி வேண்டும். "நானே துரைகிட்ட கேக்குறேங்க, கிராணி ஐயா" என்று ஆபீசுக்குள் வந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"வைஃப் சிக் சார். லாரி ப்ளீஸ்" என்று அழகாகக் கேட்டான். திங்கட்கிழமைவரை தாங்குவாளா என்று துரை இங்கிலீஷில் கேட்டார். அவனுக்குப் புரியவில்லை. நிமிர்ந்து நின்று, "எஸ் சார்" என்றான்.

துரை தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூப்பிடாமல் பேசினால் அவருக்குப் பிடிக்காது. பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். லாரி திங்கட்கிழமைதான் என்று மட்டும் அவனிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அடக்கம் செய்தோம்.

அடுத்த வாரமும் சிலேட்டோடு வந்தான். "அன்னைக்குத் துரை என்ன கேட்டாருங்க?" என்றான். சொன்னேன். சிலேட்டைத் துடைத்து என் பக்கம் நீட்டினான்.

"அப்ப, இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

சொல்லிக் கொடுத்தேன். நான் மட்டும் கடைசிவரை எந்தத் துரையிடமும் அதைச் சொன்னதில்லை.