வரைபடத்துக்கு வெளியே ஒரு புள்ளி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆரம்பித்தது இது. அன்று அங்கே கல்யாணம் இல்லை, கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் பகுதி அடுத்த இருபது வருடங்களில் எப்படி வளர வேண்டும், எங்கே சாலை போட வேண்டும், எந்த வழியாக பஸ் விட வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் திட்டம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு தனியார் அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் மேப் வரைவது என் வேலை. விருதுநகர்ப் பக்கம் பிறந்து, ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வேலையில் கெட்டிக்காரி என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாட்டிலைட் படத்தில் எல்லா ஊரும் தெரியும். ஏரி, தோப்பு, மாட்டுக்கொட்டகைகூடத் தெரியும். அதை மாநில எல்லைக்கோட்டை ஒட்டி வெட்டிவிடுவோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் கலராக இருக்கும். அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. அப்படி வெட்டின பிளெக்ஸைத்தான் மண்டபத்துப் பக்கச் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தோம்.

கூட்டம் காலை பதினோரு மணிக்கு. ஷிப்டுக்குப் போகிறவர்கள் யாரும் வர முடியாத நேரம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வந்தவர்கள் பேசினார்கள், போண்டா சாப்பிட்டார்கள், கிளம்பினார்கள். மூன்று மணிக்கு நாங்கள் மூட்டை கட்டும்போதுதான் அந்த அக்கா மூச்சிரைக்க உள்ளே வந்தார். கம்பெனி சட்டையைச் சேலைக்கு மேலேயே போட்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ரப்பர் வளையங்களைப் பொறுக்கிப் பார்த்து, பழுதானதைத் தள்ளும் வேலை.

"மேடம், மீட்டிங் முடிஞ்சிடுச்சா? ஷிப்டு ரெண்டு மணிக்குத்தான் விட்டாங்க. நம்ம ஊருக்கு பஸ் கேக்கணும்."

"எந்த ஊருக்கா? மேப்ல காட்டுங்க."

அவர் விரலால் சாலையைப் பிடித்துக்கொண்டே போனார். எங்கள் டவுன் பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தத்தைச் சரியாகத் தொட்டார். அதையும் தாண்டினார். ஓரத்து வெள்ளையும் தாண்டி, பிளெக்ஸே முடிந்து, விரல் சுவருக்கு வந்துவிட்டது.

"இங்க வரும் மேடம்" என்றார், வெறும் சுவரைத் தொட்டுக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். "அது கர்நாடகாக்கா. எங்க மேப்லயே இல்லியே" என்றேன்.

"மேப்புல இல்லன்னா என்னா மேடம், நாங்க இருக்கோமில்ல?" என்று அவரும் சிரித்தார். கன்னடம் வீட்டில் பேசுகிறவர். தமிழ் கம்பெனியில் கற்றது. பொறுமையாக விளக்கினார். அந்த ஊரிலிருந்து பதினேழு பெண்கள் ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வருகிறார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர், தைலமரத் தோப்பு வழியாக நடை. சமீபமாக யானை நடமாட்டம். அதனால் தக்காளி ஏற்றும் சரக்கு வண்டியில் நின்றுகொண்டு போய் வருகிறார்கள். கர்நாடக பஸ் வேறு திசையில் போகிறது. நம் பஸ் மூன்றே கிலோமீட்டர் கூடுதலாக வந்து திரும்பினால் போதும்.

"பொண்ணுங்கள அனுப்ப மாட்டேன்னு அவுங்கவுங்க அப்பாங்க சொன்னாங்க. நான்தான் வாக்கு குடுத்தேன், நானே கூட்டினு போறேன், நானே கூட்டினு வரேன்னு. பஸ் வந்துடுச்சின்னா நமக்கு தைரியம்" என்றார். பதினேழு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். பாதி கன்னடத்தில், சிலது தெலுங்கில்.

பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி, பிளெக்ஸுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு புள்ளி வைத்தார். "நீங்க மறக்கக் கூடாதில்ல, அதுக்கு." மண்டபத்துக்காரர் சண்டைக்கு வருவார் என்று நான்தான் பதறினேன்.

"எழுதிடறேன்க்கா" என்றேன். அந்த நிமிடம் மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய உட்கார்ந்தேன். ஊர்ப் பெயரைத் தட்டினால் ஏற்கவில்லை. எங்கள் மாவட்டத்து ஊர்கள் மட்டும்தான் அந்தப் பட்டியலில் இருந்தன. இரண்டு முறை சிவப்பு எழுத்தில் பிழை என்று காட்டியது. சரி, தனியாக ஒரு கடிதம் எழுதி மேலதிகாரியிடம் கொடுக்கலாம் என்று தாளை பைலில் செருகினேன். அவ்வளவுதான். அது அங்கேயே கிடந்தது.

ஒரு மாதம் கழித்து அந்த அக்கா போன் செய்தார். மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "மேல போயிருக்குக்கா" என்றேன். அலுவலகத்தில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த இரண்டு வார்த்தையும் நாக்கு நுனியில் இருக்கும். யார் மேலே, எது போயிருக்கிறது என்று எதிரில் இருப்பவர் கேட்கவே மாட்டார். அவரும் கேட்கவில்லை. "ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றார். அடுத்த முறை அவர் அழைத்தபோது வேலையாக இருந்தேன், எடுக்கவில்லை. திருப்பி அழைக்கவும் இல்லை.

பத்து மாதம் போனது. வரைவுத் திட்டத்தை மக்களுக்குக் காட்டும் இரண்டாவது கூட்டம், அதே மண்டபத்தில். பிளெக்ஸ் மாட்டும்போது சுவரில் அந்தப் புள்ளி கண்ணில் பட்டது. இன்று அந்த அக்கா வந்தால் என்ன பதில் சொல்வது, எப்படிப் பூசி மெழுகுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வரவில்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்து, நேராகப் புள்ளியிடம் போய் நின்றாள்.

"மேடம், நம்ம ஊரு பஸ் எப்ப வரும்?"

"அக்கா வரலியாம்மா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? அக்கா இல்ல மேடம். ஏரிக்கரை மேல வண்டி கவுந்துடுச்சி. மதியம் ஷிப்டு முடிஞ்சி வரச்சொல்ல நல்ல மழை. எங்கள எல்லாம் உள்ள தள்ளி நிக்கவிட்டு அவுங்க ஓரமா நின்னாங்க. எங்களுக்குக் கை கால்ல அடி, அவ்வளோதான்."

அவள் என்னைக் குற்றம் சொல்ல வந்தவள் இல்லை. அதுதான் இன்னும் கொடுமை. தொடர்ந்து சொன்னாள்: "அதுக்கு முன்னாடி வாரங்கூட எங்கப்பா வேலைய விடுன்னாரு. அக்காதான் வந்து சொன்னாங்க, கொஞ்ச நாள் பொறுங்க, மேடம் எழுதியிருக்காங்க, மேல போயிருக்குன்னு."

என் பொய், வார்த்தை மாறாமல், அந்தப் பெண்ணின் வாயிலிருந்து என்னிடமே திரும்பி வந்தது. மண்டபத்தின் சமையல்கட்டுக்குப் போய் அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குப் போனேன். அந்த அக்காவின் கணவர் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். "நீங்கதானா அந்த மேடம்? பஸ்ஸுக்கு எழுதினவங்க?" என்று நாற்காலி போட்டார், காபி வைத்துக் கொடுத்தார். உண்மையைச் சொல்லத்தான் போனேன். அந்த டம்ளரைக் கையில் வாங்கிய பிறகு வாய் வரவில்லை. நான் எழுதவே இல்லை என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை கடிதம் எழுதினேன். என் மேலதிகாரி நல்ல மனிதர். இரண்டு மாநிலத்துப் போக்குவரத்து அதிகாரிகளையும் ஒரே மேஜைக்கு வரவழைத்தார். கோட்டை ஒட்டி வெட்டாத முழு மேப்பை விரித்துக் காட்டினேன். நான் பெரிய இழுபறியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்து அதிகாரி கடைசியில் ஒன்று கேட்டார்.

"இவ்ளோ நாளா இத யாருமே கேக்கலியேம்மா?"

கேட்டார்கள் சார், என்னிடம் கேட்டார்கள் என்று சொல்ல எனக்குத் திராணி இல்லை. விரித்த மேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

அனுமதியெல்லாம் வந்து, நாலு மாதத்தில் பஸ் அந்த ஊருக்குள் போய்த் திரும்பியது. முதல் நாள் நானும் ஏறிப் போனேன். ஊர் முனையில் பஸ் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். பால்கேனோடு ஒரு பெரியவர் மட்டும் ஏறினார். பெண்கள் யாரும் வரவில்லை. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்த ஆளே போய்விட்ட பிறகு, பெண்களை எந்த அப்பாவும் அனுப்பவில்லை. பாதிப் பேருக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். பதினேழு பேரில் பிறகு வேலைக்குத் திரும்பியது இரண்டே பேர். மண்டபத்துக்கு வந்த அந்தப் பெண் அந்த இருவரில் இல்லை.

இப்போதெல்லாம் நான் மேப்பைக் கோட்டோடு வெட்டுவதில்லை. அந்தப் பக்கத்து ஊர்களையும் பெயரோடு போடுகிறேன். கூட்டம் வைத்தால் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக மாலை வரை உட்கார்ந்திருக்கிறேன். ஆபீசில் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்குக் கூசுகிறது.

மண்டபத்துக்குப் போன வருடம் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், புள்ளி மறைந்துவிட்டது. ஆனாலும் யாராவது ஒரு தாளை நீட்டி, "மேடம், என்னாச்சி?" என்று கேட்கும்போது, "மேல போயிருக்கு" என்ற வார்த்தை நாக்கு வரை வந்து நிற்கிறது, அதை விழுங்கிவிட்டு, "இன்னும் எழுதலை, நீங்க இருக்கும்போதே எழுதறேன், உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.