முள்ளால் வந்த நெறி

பாக்கியம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மண்டபம் ஊர் ஆஸ்பத்திரி லேபில், ஒரு மீனவருடைய ரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அக்காவின் மகன்தான் பேசினார். "சித்தி, அம்மா காலையில போயிட்டாங்க. வந்துருங்க." எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணி, எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ராமநாதபுரம் தாண்டிய பிறகுதான் அழுகை வந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பரமக்குடிக்குத் தெற்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் கிராமச் செவிலியர். மண்டபத்துக்கு மாற்றலாகும் முன் நானும் அங்கேதான் லேப் டெக்னீஷியன். அவர் தடுப்பூசிப் பெட்டியோடு ஊருக்குள் நுழைந்தால் சில வீடுகளில் பிள்ளையை ஒளித்து வைப்பார்கள். அக்கா சண்டை போட மாட்டார். வாசலில் உட்கார்ந்து, "கஞ்சி இருந்தா ஊத்துங்க. புள்ள எப்ப வெளிய வருதோ அப்பத்தான் போறேன்" என்பார். அரைமணி நேரத்தில் பிள்ளை வந்துவிடும், கஞ்சியும் வந்துவிடும்.

எங்கள் பக்கம் சீமைக் கருவேலம் வெட்டாத கை கிடையாது. முள் ஏறினால் எருக்கம்பால் வைப்பார்கள். கை வீங்கி, அக்குளில் கட்டி மாதிரி நெறி கட்டும். புண் ஆறினால் நெறி தானாகக் கரையும். அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அக்காவுக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. ஒரு வருடம் மழைக்கு முன் ஆட்களோடு நின்று கருவேலம் அப்புறப்படுத்தியதில் வலது உள்ளங்கையில் முள் ஏறிவிட்டது.

பத்து நாள் கழித்து லேபுக்குள் வந்து கதவைச் சாத்தினார். "செல்வி, இங்கன தொட்டுப் பாரு. நெறி கட்டிருக்கு. ஆனா வலிக்கவே மாட்டேங்குதுடி."

தொட்டேன். புளியங்கொட்டை அளவில் கெட்டியாக இருந்தது. கையைப் பார்த்தேன், புண் இன்னும் சீழ் கட்டியிருந்தது. ரத்தம் எடுத்து எண்ணினேன். வெள்ளணுக்கள் கூடியிருந்தன. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"முள்ளுதான்க்கா. ரத்தமே சொல்லுது. டாக்டர் எதுக்கு? மாத்திரை போடுங்க, சரியாப் போயிரும்."

"மாருலயும் ஏதோ இருக்கற மாதிரி..." என்று இழுத்தார்.

"ஒங்களுக்கு இந்த வயசுல அதெல்லாம் இருக்கும்க்கா" என்றேன். மார்பைத் தொட்டுப் பார்க்க எனக்குக் கூச்சம். அதை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

புண் ஆறியது, நெறி கரையவில்லை. எட்டு மாதம் கழித்து அவரே மதுரைக்குப் போனார். மார்பகத்தை எடுத்தார்கள், அக்குள் நெறிகளையும் எடுத்தார்கள். அதில் பலவற்றில் புற்றுநோய் ஏறியிருந்தது. துணைக்கு நானும் போயிருந்தேன். அக்கா விடுகிற ஆள் இல்லை. ஒரு பெரிய டாக்டரம்மாவைப் பிடித்து, "முள்ளுக்கும் நெறி கட்டுது, இதுக்கும் கட்டுது. அது எப்படிம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா எங்களை மைக்ராஸ்கோப் முன் உட்கார வைத்தார். நான் தினமும் எண்ணும் அதே வெள்ளணுக்கள், லிம்போசைட்டுகள், கருநீலப் பொட்டுகளாக, புற்றுச் செல்களைச் சுற்றிக் கூடி நின்றன. சில உள்ளேயும் புகுந்திருந்தன. உடம்பு சும்மா இருக்கவில்லை, ஆள் அனுப்பியிருக்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். ஆனால் புற்றுச் செல் வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல, நம் செல்லே கெட்டுப்போனது. அதனால் பல காவல் செல்களுக்கு அதை அடையாளம் தெரிவதில்லை. அடையாளம் கண்டு வந்தவற்றையும் அது மெல்ல மெல்ல அடக்கி ஓயவைத்துவிடும். பிறகு அந்தக் காவல் செல்கள் கூடியிருக்கும் நெறிக்கே போய்த் தங்கும்.

அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "காவக்காரன் வீட்டுக்குள்ளயே போயி குடியேறிருச்சுடி."

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை.

வேலைக்குத் திரும்பியதும், கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் பெண்களிடம் போக ஆரம்பித்தார். எல்லாருக்கும் கையில் முள், எல்லாருக்கும் அக்குளில் நெறி. அவர்களுக்காகவே ஒரு கணக்கு வைத்தார். "வலிச்சு, வழுக்கிக்கிட்டு ஓடுனா முள்ளா இருக்கும். புண்ணு ஆறி ரெண்டு வாரம் ஆகியும் நெறி இருந்தா, வலிக்கலேன்னாலும் எங்கிட்ட வாங்க. மாருல கட்டி தட்டுப்பட்டா ஒருநாளும் காத்திருக்காதீக." பிறகு வீங்கிய வலது கையைத் தூக்கிக் காட்டுவார். நெறிகளை எடுத்ததிலிருந்து அந்தக் கையின் வீக்கம் வடியவேயில்லை. "பாத்துக்கங்க. நர்சா இருந்தும் நான் முள்ளுன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்."

ஒவ்வொரு கூட்டத்திலும் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை திரும்பி வரும் வழியில் கேட்டேன்: "ஏன்க்கா நீங்க ஏமாந்ததாச் சொல்றீக?"

"ஒம்பேரச் சொன்னா நாளைக்கு எவ ஒங்கிட்ட ரத்தம் குடுக்க வருவா? நம்ம புள்ளதானடி நீ."

"சரிக்கா" என்றேன். மனசுக்குள் அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பதினொரு வருடம் தாக்குப்பிடித்தார். நோய் முதுகெலும்புக்கு வந்த பிறகும் இரண்டு பெண்களை அவரே மதுரைக்குக் கூட்டிப் போனார். இருவரும் நேரத்தோடு போனதால் இன்று நலமாக இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருத்தி இழவு வீட்டில் என் அருகில் உட்கார்ந்திருந்தாள். குளிப்பாட்டி முடித்து வளையல் போட்டார்கள். இடது கைக்கு ஏறியது. வலது கைக்கு ஏறவில்லை. எந்த வளையலும் ஏறவில்லை. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "எங்களையெல்லாம் காப்பாத்துன மகராசி, தனக்கு மட்டும் முள்ளுன்னு நெனச்சு ஏமாந்துட்டாகளே."

நான் தலையாட்டினேன். அவர் கிடக்க, அவர் முன்னாலேயே தலையாட்டினேன்.

அதனால்தான் பதினாறாம் நாளுக்கு முன் இதை எழுதுகிறேன். அன்று கரிமூட்டப் பெண்கள் எல்லாரும் வருவார்கள். இதை நானே வாசிக்கப் போகிறேன். அக்கா ஏமாறவில்லை. வலிக்கவில்லை என்பதை அவர் அன்றே கவனித்தார், மார்பில் இருந்ததையும் சொன்னார். முள் என்று சொன்னவள் நான்.

போய் வாருங்கள், அக்கா. இனி அந்தக் கதையை உங்கள் பெயரில் யாரும் சொல்ல மாட்டார்கள். கை தூக்கிக் காட்ட என்னிடம் வீக்கம் இல்லை. என் பெயரைச் சொல்கிறேன்.