ஜக்கம்மாளின் கல்யாணப் பதிவு

தனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது, பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகுதான் ஜக்கம்மாளுக்குத் தெரிய வந்தது.

பாலவனத்தம் பக்கம் மானாவாரியில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். துபாயில் இருக்கும் மகன் காளீஸ்வரன் பெற்றோரைக் கூட்டிப்போக ஆசைப்பட்டான். அதற்குத் திருமணப் பதிவுச் சான்று வேண்டுமாம். ஜக்கம்மாளும் கணவர் சண்முகவேலும் அருப்புக்கோட்டையில் ஒரு பத்திர எழுத்தரைப் பார்த்தார்கள். கல்யாணப் பத்திரிகை இல்லை, போட்டோ இல்லை. சாட்சி சொல்ல ஆளும் உயிரோடு இல்லை.

"அப்ப உங்க கல்யாணம் பதிவுல இல்லம்மா," என்றார் எழுத்தர்.

"எப்படி சார் இல்லாமப் போகும்? இவுகளுக்குப் பதிவா சோறு போடுறது யாரு? பதிவா சண்டை போடுறது யாரு?"

ஜக்கம்மாளின் ஊரில் பதிவு என்றால் தவறாமல் நடப்பது. எழுத்தருக்கோ, ஒருமுறை நடந்ததைத் தாளில் ஏற்றுவது. அவர் தலையைச் சொறிந்தார்.

"அது வேற பதிவும்மா. பேசாம இன்னொருக்கா தாலி கட்டிப் போட்டோ எடுத்துருங்க. அதைப் பதிஞ்சுக்கிடலாம்."

அய்யனார் கோயிலில் ஏற்பாடாயிற்று. சண்முகவேல் தாலியோடு குனிந்தபோது ஜக்கம்மாள் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"இருங்க. போன தடவை எங்கய்யாவைத்தான் கேட்டீக. இப்ப என்னையக் கேளுங்க."

சண்முகவேல் சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "என்னையக் கட்டிக்கிறியா?" என்றார்.

"யோசிக்கணும்."

எழுந்து போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். சாம்பார் ஆறியது. மகள் முனீஸ்வரி தூது போய்த் திரும்பினாள்.

"பீடியை விடணுமாம்ப்பா."

"வாரம் பூரா புளிக்கொழம்பு வைக்கக் கூடாதுன்னு சொல்லு!"

அதற்குள் சொந்தக்காரர்கள் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பிரிந்து நின்றார்கள். முனீஸ்வரியின் புருசன் மாப்பிள்ளை வீட்டில் சேர்ந்துகொண்டு, முதல் பந்தி தங்களுக்குத்தான் என்று தகராறு செய்தான். பொழுது சாய்கிற நேரத்தில் ஜக்கம்மாள் சம்மதித்தாள். சண்முகவேல் மூன்று முடிச்சையும் தானே போட்டார். முதல் கல்யாணத்தில் அவர் போட்டது ஒரு முடிச்சுதான்.

சான்றிதழ் வந்தது. அதைப் பார்த்த காளீஸ்வரன் போனில் கத்தினான்.

"எம்மா, இதுப்படி எனக்கு முப்பத்தஞ்சு வயசானப்புறந்தான் உங்களுக்குக் கல்யாணம்! நான் யாரு புள்ளைன்னு இங்க கேக்குறாங்கெ!"

"அதை நீ பேசிக்கிடுப்பா. நாளைக்கு ஆடி பொறக்குது. புதுப்பொண்ணு இங்க இருக்கக் கூடாதுல்ல, எங்கண்ணன் மகன் வீட்டுக்குப் போறேன்."

மறுநாள் காலையில் அவளைத் திருச்சுழி பஸ்ஸில் ஏற்றி, பையை மடியில் வைத்துவிட்டு இறங்கினார் சண்முகவேல். பஸ் கிளம்பியதும் கூடவே கொஞ்ச தூரம் நடந்தார்.