சத்தம் போடாத கியர்

என் ரேசிங் சைக்கிளின் கியர் லீவர்கள் ஹேண்டிலில் இல்லை. சட்டத்தின் சாய்ந்த குழாயில், முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தன. கியர் மாற்ற வேண்டுமென்றால் ஒரு கையை எடுத்துக் கீழே குனிய வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் பதுளை டவுன்காரர்கள் எல்லோரும் பிரேக் பிடியிலேயே கியர் உள்ள சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். விரலால் ஒரு தட்டு, ‘டக்’ என்று சத்தம், கியர் மாறிவிடும். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த அந்தப் பழசை நான் மட்டும் விடவில்லை. வேறு வாங்க வழியில்லை என்பது ஒரு காரணம். எனக்கு அது கைவந்திருந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

என் லீவரில் ‘டக்’ கிடையாது. எவ்வளவு தள்ளினால் போதும் என்று அதுவாகச் சொல்லாது. செயின் உரசுவதைக் காதால் கேட்டு, ஒரு மயிரிழை முன்னே பின்னே நகர்த்தி நிறுத்த வேண்டும். தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மெஷினோடு கிடந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பெல்ட் தளர்ந்தால் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். டவுன்காரர்களில் ஒருத்தராலும் என் சைக்கிளை நூறு மீட்டர் ஒழுங்காக ஓட்டியிருக்க முடியாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷத்துப் புத்தாண்டு ரேஸ் பதுளையிலிருந்து மலைமேல் இருக்கிற எல்ல என்ற ஊர் வரைக்கும். பெயர் பதிகிற மேசையில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முன்னதாகவே வேனில் எல்லவுக்குப் போய் மைக் பிடிக்கப்போகிறவரும் அவர்தான். ஊர் என்ற இடத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயரை ‘மொட்டப்பாறை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“தம்பி, உப்பிடி ஒரு தோட்டம் லிஸ்டில இல்லையே. இங்கிலிஷ் பேரை எழுதுமன்.”

இங்கிலிஷ் பெயர் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை தன் சொந்த ஊரை நினைத்து வைத்தது. ஆபீஸ் காகிதத்தில் மட்டும்தான் அது இருக்கும். நாங்கள் குடியிருக்கிற லயத்தில் ஒருவர் வாயிலும் வராது. அதற்கு முன் இரண்டு ரேஸில் நான் இரண்டாவதாக வந்திருந்தேன். இரண்டு தடவையும் மைக்கில் என் ஊரைப் ‘பதுளை’ என்றே சொல்லிவிட்டார்கள். தோட்டம் இருக்கிற நமுனுகுல பக்கமிருந்து லொறி பிடித்துப் பார்க்க வந்திருந்த எங்கள் சனம், யாரையோ சொல்கிறார்கள் என்று முழித்துக்கொண்டு நின்றது. அது எனக்கு ஆறவே இல்லை.

“நாங்க எல்லாம் மொட்டப்பாறைன்னுதாங்க சேர் சொல்றோம். நான் மொதலாவதா வந்தா அதையே மைக்ல சொல்லுவீங்களா?”

அவர் சிரித்தார். “முதலாவதா வாரும், பிறகு பாப்பம்.”

ஹாலிஎல தாண்டியதும் கூட்டம் சிதறியது. தெமோதரையில் ஆறு பேர் மிஞ்சினோம். எல்லவுக்கு ஏறும்போது நானும் இரண்டு டவுன்காரர்களும் மட்டும்தான். ஏற்றத்தில் அவனவன் அடுத்தவனுடைய கியரைக் காதால் காவல் காப்பான். ‘டக்’ கேட்டால் பாயப்போகிறான் என்று அர்த்தம். என்னிடம் சத்தம் வராது, ஆனால் கை கீழே போவது தெரிந்துவிடும். அதற்குத்தான் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. போத்தலும் அதே குழாயில், லீவருக்கு ஒரு சாண் கீழேதான் மாட்டியிருந்தது.

முதல் தடவை குனிந்து போத்தலை எடுத்தேன். கியர் மாற்றுகிறேன் என்று இரண்டு பேரும் பதறி சீட்டிலிருந்து எழும்பினார்கள். நான் தண்ணீர் குடித்தேன். இரண்டாம் தடவை குனிந்தபோது ஒருவன்தான் எழும்பினான். மூன்றாம் தடவை அவனும் அசையவில்லை.

“குடி, குடி. சிந்தாம குடி!” என்று நக்கலடித்தான்.

போத்தல் அதோடு காலி. தொண்டை காய்ந்தது. கடைசி மேடு முடிந்து பாதை கொஞ்சம் சமமாகிற இடத்தில் நாலாவது தடவை குனிந்தேன். கை போத்தல் வரைக்கும் போகவில்லை. லீவரை முன்னால் தள்ளினேன். செயின் லேசாக உரசியது. ஒரு மயிரிழை பின்னால் இழுத்தேன், உரசல் நின்றது. எழும்பி நின்று மிதித்தேன். எனக்குப் பின்னால் ‘டக் டக்’ என்று அவசர அவசரமாகக் கேட்டது. அந்தச் சத்தம் தூரத்தில் இருந்ததே எனக்குப் போதும்.

மூன்று சைக்கிள் நீளத்தில் முதலாவதாக வந்து, ஹேண்டிலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியது. மைக் கரகரத்தது. ஆசிரியர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“முதலாம் இடம்… மொட்டப்பாறை! மொட்டப்பாறைத் தோட்டம்!”

லொறியடியில் நின்ற சனம் கூச்சல் போட்டுக் குதித்தது. சிங்களத்திலும் ஒரு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அந்தச் சந்தடியில் என் பெயரைச் சொல்ல அவர் மறந்தே போனார். நானும் போய் ஞாபகப்படுத்தவில்லை.