பாண் வானும் பூப் பொட்டலமும்

சுவிஸின் பெர்ன் நகரில், கஞ்சாச் செடிப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் அக்காவின் கணவரான அத்தானோடு நிற்கிறேன். போதை தராத வகையை இங்கே சட்டப்படியே விற்கிறார்கள். அத்தான் பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோகும் வான் ஓட்டுகிறவர். மாசிப் பனியில் வான் சறுக்கிய நாளிலிருந்து, ஸ்டீயரிங்கைத் தொட்டாலே அவருக்கு நெஞ்சு படபடக்கிறது. இது படபடப்பை அடக்குமென்று கூட வேலை செய்பவர் சொன்னாராம்; காய்ந்த கஞ்சாப் பூப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டுகிறார்.

விற்பவள் இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். பொட்டலத்தை விட்டுவிட்டு அவரைத்தான் பார்க்கிறாள்.

"அண்ணை, வாகனம் ஓடுறனீங்களோ?"

"ஓம், வான். அதுதானே என்ர சோறு."

"அப்ப இதைத் திருப்பி வையுங்கோ. இதிலையும் போதைச் சத்து துளி இருக்கு. பொலிஸ் இரத்தம் சோதிச்சால் லைசென்ஸ் போயிடும்."

"அப்ப அந்தக் கஞ்சா எண்ணெய்?"

"அதில போதைச் சத்து துளியும் இல்லாததும் இருக்கு. வேற மருந்துக் குளிசை போடுறீங்களோ?"

"இரத்தம் உறையாமலிருக்க ஒண்டு."

"அதோட இது சேராமல் போகலாம். டொக்டரைக் கேட்காமல் நான் தரமாட்டன்."

"உமக்கு வியாபாரம் சரிவராது, பிள்ளை."

"உங்கட வான் நான் போற றோட்டிலதானே வருது, அண்ணை."

அத்தான் சிரித்துவிடுகிறார். வெளியே ட்ராம் தரிப்பிடத்தில் நின்றே டொக்டருக்கு அழைக்கிறார். நெஞ்சுப் படபடப்பை அக்காவிடம் இத்தனை நாளும் வாய்வு என்று சொல்லி, இஞ்சித் தண்ணீர் குடித்துச் சமாளித்தவர். உடம்புக்கு என்ன வருத்தமென்று மறுமுனையில் கேட்கிறார்கள். பக்கத்தில் தமிழர் இருவர் நிற்கிறார்கள். அத்தான் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஆங்ஸ்ட்," என்கிறார் ஜெர்மன் மொழியில். பயம்.