பாதியில் மறைந்த வரி

இன்று சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் செல்போனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னாம்மா ஆச்சு?” என்றேன்.

“ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்ச போட்டோவ ஃபேஸ்புக்ல போட்டேன் தாத்தா. என்கூட ஓடித் தோத்தவளுங்க கேவலமா எழுதிக்கினு இருக்காளுங்க. நாளைலேர்ந்து நான் காலேஜுக்கே போவமாட்டேன். நீங்களே படிச்சிப் பாருங்க.”

நான் எழுத்துக் கூட்டக் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. விரல் வைத்து, வாய்விட்டுத்தான் படிக்க வரும்.

“கேப்...பைக் க...ளி மூஞ்...சி” என்று படித்தேன்.

முன்னால் கூடையோடு இருந்த அம்மா திரும்பினார். “எவ அவ? களி துன்னதாலதான் இந்தப் பொண்ணு ஓடி ஜெயிச்சிருக்கு. அவளையும் ரெண்டு உருண்டை துன்னுட்டு ஓடச் சொல்லு!”

பஸ்ஸே சிரித்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்ததைப் பிடித்தேன்.

“இவ ஓ...டுற ஓட்...டத்தப் பாத்...தா...”

பாதியில் வரியே மறைந்துவிட்டது! போனைக் கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோனேன்.

“கெடல தாத்தா, எழுதனவளே அழிச்சிட்டா” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு சீட்டு முன்னால் காட்டினாள். அங்கே அவள் வயசுப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்தபடி அவசரமாகப் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கேப்பைக் களியும் காணாமல் போனது.

இறங்கும்போது என் பக்கத்து சீட்டுக்காரி சொன்னாள்: “நாளைக்குக் காலேஜுக்குப் போறேன் தாத்தா. அவ பக்கத்துலயே போயி உக்காருவேன்.”

போனில் வாயால் சொல்லிப் போடும் இந்தப் பதிவுக்குக் கீழே நீங்களும் ஏதாவது எழுதுங்கள். எல்லாவற்றையும் நாளை பஸ்ஸில்தான் படிப்பேன். சத்தமாக.